தலைவர் இரண்டு வார்த்தை பேசிய மலை

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கற்பூரம் ஏற்றிக் கையால் அடித்தே சத்தியம் செய்திருக்கலாம். ஆனால் ஃப்ரீமான்ட் அபார்ட்மென்ட்டில் கற்பூரம் ஏற்றினால் ஸ்மோக் அலாரம் அலறும், தீயணைப்பு வண்டி வரும், பக்கத்து வீட்டுக்காரன் நாயோடு வெளியே வந்து நிற்பான். ஆகையால் வெறுங்கையாலேயே சத்தியம். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. நம்பிக்கை வராதவர்கள் கரடியைக் கேட்டுக்கொள்ளலாம். கரடி கொஞ்சம் பின்னால் வருகிறது.

வாஞ்சிநாதன் சிப் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வேலையிலிருந்துதான். பிறரை இளப்பமாகப் பார்ப்பதிலிருந்து அல்ல. அதை முழுநேரமாக எடுத்துக்கொண்டதே அதற்குப் பிறகுதான். கோயிலுக்குப் போனால் அர்ச்சகருக்கு உச்சரிப்பு வராது. கல்யாணத்துக்குப் போனால் ரசத்தில் பருப்பு இருக்காது. துக்கம் கேட்கப் போன வீட்டில்கூட வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, காருக்குள் வந்ததும், "போனவன் இருந்தப்பவும் பெரிசா ஒண்ணும் பண்ணிடல" என்பார். அவர் வாயிலிருந்து யாரைப் பற்றியும் ஒரு நல்ல வார்த்தை வந்து மனைவி பிரீத்தி கேட்டதில்லை. கல்யாணம் ஆன புதிதில் வரும் என்று காத்திருந்தாள். பிறகு வேறு வேலை வந்துவிட்டது.

வாஞ்சிநாதன் உலகத்தில் எல்லோரையும் சமமாக இளப்பம் செய்தார் என்று சொல்லிவிட முடியாது. வெங்கடகிருஷ்ணனுக்கு மட்டும் தனி இடம். விரிகுடா முத்தமிழ் மலைநடை மன்றத்தின் நிரந்தரத் தலைவர் அவர். மன்றத்தில் தேர்தலெல்லாம் முறையாக உண்டு. ஆனால் தேர்தல் அன்று வெங்கடகிருஷ்ணன் நன்றி சொல்லப் பேச்சைத் தொடங்குவார். முடிப்பதற்குள் ஓட்டுப் போட வந்தவர்கள் பிள்ளைகளை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டிவரப் போய்விடுவார்கள். எஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான். ஒருமனதாகத் தேர்வாகிவிடுவார்.

மலையை வெங்கடகிருஷ்ணன் முதன்முதலில் பார்த்தது பவர்பாயின்ட்டில் என்பது வாஞ்சிநாதனின் துணிபு. அப்படிப்பட்டவர் போன குளிர்காலத்தில் ஒரு பிறந்தநாள் விருந்தில், பத்துப் பேர் தட்டோடு நிற்கையில், "வாஞ்சி சார், பனியைப் பத்தி உங்களுக்கு என்ன சார் தெரியும்?" என்று கேட்டுவிட்டார்.

மறுவாரமே வாஞ்சிநாதன் டாஹோ ஏரிப் பக்கம் பனிச்சரிவுப் பயிற்சி வகுப்பொன்றில் போய்ச் சேர்ந்தார். உயிரைக் காப்பாற்றிக்கொள்வதற்கு அல்ல. சான்றிதழோடு இளப்பம் செய்வதற்கு.

மூக்குத் தோல் உரிந்த ஓர் அமெரிக்கப் பெண் அங்கே டீச்சர். வசந்தகாலத்துப் பனியைப் பற்றி அவள் சொன்னதை வாஞ்சிநாதன் தனக்குப் புரிகிற பாஷையில் இப்படி வாங்கிக்கொண்டார். ராத்திரி குளிரில் பனி உறைந்து, விடியும்போது சிமென்ட் தரை மாதிரி கிடக்கும். போகிறவன் அப்போதே போய்விட்டு அப்போதே திரும்பிவிட வேண்டும். வெயில் ஏறினால் மேலே உருகுகிற தண்ணீர் உள்ளே இறங்கும். அடியில் பிடிமானம் போய்விடும். வெந்த தோசை கல்லை விட்டுக் கிளம்புகிற மாதிரி, ஒரு மலைச் சரிவு முழுவதும் ஒரே வில்லையாகக் கிளம்பி வரும். பூட்ஸ் கணுக்கால்வரை புதைந்தால் யோசி. முழங்கால்வரை புதைந்தால் திரும்பு. மேலேயிருந்து பனி தானாக உருண்டை பிடித்து உருண்டு வந்தால், யோசிப்பதற்குக்கூட அங்கே நிற்காதே. கடந்தே தீர வேண்டிய சரிவானால் ஒவ்வொருவராகக் கட. மதியச் சாப்பாடு ஞாபகம் வரும்போது நீ மலையடிவாரத்தில் இருக்க வேண்டும்.

அவள் சொன்னது அத்தனையும் சரி. அந்த ஒரு காரணத்துக்காகவே வாஞ்சிநாதனுக்கு அவளைப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை மன்றத்தின் வசந்தவிழா நடை என்று அறிவிப்பு வந்தது. சியரா மலையில் பிரோக்கன் ஆக்ஸில் கணவாய். கார் நிறுத்துமிடத்திலிருந்து நடந்து, எதிர்முகட்டில் ஏறி, மன்றத்தின் பேனரைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டு இறங்குவது. பிரீத்தி மன்றத்தின் செயலாளர். வாஞ்சிநாதன் செயலாளரின் கணவர் என்ற முறையில் உறுப்பினர்.

விடிவதற்கு முன்பே கிளம்பினார்கள்.  சாக்ரமென்ட்டோ தாண்டியதும் காரில் பிரீத்தி சொன்னாள்.

"இன்னிக்கு ஒரு நாள் வாயைத் திறக்காம வாங்க."

"நான் என்ன சொன்னேன்?"

"இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லல. அதான் இப்பவே சொல்றேன். போன தடவ நீங்க பேசினதுல மூணு ஃபேமிலி மெம்பர்ஷிப் கேன்சல் பண்ணிட்டாங்க. வெங்கட் சாரைப் பத்தி இன்னிக்கு ஒரு வார்த்தை வந்துதுன்னா, திரும்பும்போது நான் பத்ரி வண்டியில வந்துடுவேன். அங்கேர்ந்து நேரா ஆலனுக்கு. தீக்ஷா வரச்சொல்லிட்டேதான் இருக்கா. டெக்ஸஸ்ல போய் நிம்மதியா இருப்பேன். எப்ப வருவேன்னு கேட்காதீங்க."

தீக்ஷா, டெக்ஸஸில் ஆலன் என்கிற ஊரில் இருக்கும் அவர்களுடைய ஒரே மகள். அவள் வீட்டில் வாஞ்சிநாதனுக்கென்று ஓர் அறை உண்டு. அவர் போனால் மாப்பிள்ளைக்கு ஆபீஸில் திடீரென்று வேலை வந்துவிடும்.

வாஞ்சிநாதன் வாயை மூடிக்கொண்டார். காலையில் போனில் பனிச்சரிவு முன்னறிவிப்பைப் படித்திருந்தார். மதியத்தில் ஈரப் பனி சரியும், வெயில் பார்த்த சரிவுகளை விட்டு முற்பகலிலேயே விலகிவிடுங்கள் என்று போட்டிருந்தது. அதையும் மூடிய வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

மலைப்பாதையில் ஒரு வண்டி இல்லை. கார் நிறுத்துமிடத்தில் மன்றத்து வண்டிகளைத் தவிர ஈ காக்கை இல்லை. வெங்கடகிருஷ்ணன் இடுப்பில் கைவைத்துச் சுற்றிலும் பார்த்து, "பிளானிங்னா இதான்" என்றார்.

அவருடைய கோலத்தை வாஞ்சிநாதன் உச்சிமுதல் பாதம்வரை ஒருமுறை பார்த்துக்கொண்டார். ஆரஞ்சு ஜாக்கெட், ஆரஞ்சு பேன்ட், ஆரஞ்சுத் தொப்பி. ஒவ்வொன்றிலும் கடை அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை போட்டுக்கொண்டு திங்கட்கிழமை திருப்பிக் கொடுப்பது மன்றத்து மரபு. புதையுண்டவர்களைக் கண்டுபிடிக்க உதவும் பீக்கன் கருவிகளும் ஆளுக்கொன்று வந்திருந்தன. கத்தரிக்கோல் இல்லாமல் பிரிக்க முடியாத அந்தக் கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே, பேட்டரி தனியாக, கருவி தனியாகப் பத்திரமாக இருந்தன.

"பிரிச்சுடாதீங்க" என்றார் வெங்கடகிருஷ்ணன். "பிரிச்சா ரிட்டர்ன் எடுக்க மாட்டான். எமர்ஜென்சின்னா பிரிச்சுக்கலாம்."

வாஞ்சிநாதன் வாயைத் திறந்தார். பிரீத்தி பார்த்தாள். மூடிக்கொண்டார்.

குதிகாலால் பனியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். டங் என்றது. இந்த நிமிஷம் கிளம்பினால் நடைபாதை மாதிரி நடந்து போய், போட்டோவும் எடுத்து, புளியோதரையையும் தின்று, பத்திரமாக இறங்கிவிடலாம். இந்த நிமிஷம்தான் மலை மனிதனுக்குக் கொடுக்கிற நிமிஷம்.

"இப்ப கிளம்ப வேண்டாம்" என்றார் வெங்கடகிருஷ்ணன். "ஒம்பதுக்கு ராகுகாலம். பாதி வழில மாட்டிக்கும். முடிஞ்சதும் கிளம்பலாம். சேஃப்டி ஃபர்ஸ்ட்."

எல்லோரும் டிக்கியைத் திறந்து மடக்கு நாற்காலிகளை எடுத்தார்கள். அலமேடாவில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஹாஜா நஜ்முதீன் மட்டும் வாஞ்சிநாதன் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்களுக்கென்ன ராகுகாலம், பாய்?" என்றார் வாஞ்சிநாதன் மெதுவாக.

"எனக்கு ராகுகாலம் கிடையாதுண்ணே. ஆனா நான் வந்தது அவர் வண்டியில."

ராகுகாலம் முடிந்தது. நாற்காலிகளை மடக்கினார்கள். அப்போது பத்ரி போனைப் பார்த்தபடி ஓடிவந்தான். மன்றத்தின் தொழில்நுட்ப அணி அவன். எங்கே போனாலும் கம்பியில்லாக் கையடக்க மைக்கையும் ஸ்பீக்கரையும் தோளில் மாட்டிக்கொண்டு போகிறவன்.

"அங்கிள், நாம பார்த்தது இந்தியா காலண்டர். ஆப்ல லொக்கேஷன் போட்டா, இங்க சன்ரைஸ் வேற, டேலைட் சேவிங் வேற. இந்த ஊர் ராகுகாலம் இப்பத்தான் நடந்துட்டிருக்கு. பதினொண்ணரை வரைக்கும் போகுது."

வெங்கடகிருஷ்ணன் தாடையைத் தடவினார். தலைமைப் பண்பு என்பது இப்படிப்பட்ட நேரத்தில்தான் வெளிப்படும்.

"ரெண்டையும் அப்சர்வ் பண்ணிடுவோம். பாதுகாப்புல காம்ப்ரமைஸ் கிடையாது."

நாற்காலிகளை மறுபடி விரித்தார்கள்.

வெயில் ஏறியது. வாஞ்சிநாதன் நாற்காலியில் உட்கார்ந்தபடி எதிர்ச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் எஃகு நிறத்தில் இருந்த பனி பால்நிறமாகி, அப்புறம் எண்ணெய் தடவிய மாதிரி மினுங்கத் தொடங்கியது. நாற்காலியின் முன்னங்கால் இரண்டும் மெல்லப் பனிக்குள் இறங்கின. உட்கார்ந்தபடியே அவர் வெங்கடகிருஷ்ணனுக்கு வணக்கம் சொல்லுகிற சாய்வுக்கு வந்துவிட்டார். ராகுவும் கேதுவும் சேர்ந்து உட்கார்ந்து திட்டம் போட்டாலும் ஒரு கூட்டத்தை இத்தனை துல்லியமாகத் தப்பான நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்க முடியாது. அதற்கு ஒரு நிரந்தரத் தலைவர் வேண்டும்.

ஊர் ராகுகாலம் ஒழிந்ததும் வெங்கடகிருஷ்ணன் பதறி எழுந்தார்.

"கிளம்புங்க, கிளம்புங்க! ஒண்ணரைக்கு எமகண்டம். அதுக்குள்ள முகட்டுல இருக்கணும்."

எமகண்டத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று எமனின் வீட்டுவாசலைப் பார்த்து ஒரு கூட்டம் ஓட்டமும் நடையுமாகப் போனதை அந்த மலை அதற்கு முன் பார்த்ததில்லை. முன்னால் தலைவர். பின்னால் பேனரோடு பிரீத்தி. அதன்பின் பத்ரி, குழந்தைகள் சறுக்கி விளையாடும் பிளாஸ்டிக் வண்டியில் எவர்சில்வர் அண்டா நிறையப் புளியோதரையை வைத்துக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு. பின்னால் ஜனங்கள். கடைசியில் வாஞ்சிநாதன், யாரும் சீண்டாத தன் சொந்த மண்வெட்டியோடு.

முதலில் கணுக்கால்வரை புதைந்தது. கொஞ்ச தூரத்தில் முழங்கால். ஹாஜா ஒரு காலை உருவினால் மறுகால் உள்ளே போனது. "அண்ணே, இது பனியா, களியா?" என்றார்.

பாறைகளும் பைன் மரங்களுமாக ஒரு திட்டு வந்தது. அதற்கப்பால் அந்தச் சரிவு. மரமில்லை, பாறையில்லை, செங்குத்தாக மேலே வானம்வரை வழித்துவிட்ட வெள்ளை. மரம் ஏன் இல்லை என்று, முன்னால் சரிந்த பனியோடு போன மரத்தைக் கேட்டால் சொல்லும். அதைக் குறுக்கே கடந்தால் அந்தப் பக்கம் முகடு.

வாஞ்சிநாதன் அண்ணாந்து பார்த்தார். உச்சியில் ஒரு பாறைக்கடியிலிருந்து எலுமிச்சம்பழம் அளவு பனி தானாக விடுபட்டு உருண்டது. உருள உருளத் தேங்காயாகி, பூசணிக்காயாகி அவர்கள் முன்னால் வந்து நின்றது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் ஒரு வரிசை.

"பாருங்க, பாருங்க, சோ க்யூட்!" என்று யாரோ போன் எடுத்தார்கள்.

"பேனரோட ரெண்டு பேர் முன்னாடி போங்க" என்றார் வெங்கடகிருஷ்ணன். "மத்தவங்க எல்லாரும் கைகோத்துட்டு சேர்ந்து வாங்க. யாரும் தனியா போகாதீங்க, அதான் டேஞ்சர்."

பிரீத்தி பேனரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சரிவில் காலை வைத்தாள். மறுமுனையைப் பிடிக்க வேண்டிய பத்ரி அண்டாவின் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவள் காத்திருக்கவில்லை. பேனர் பின்னால் இழுபட, தனியாகவே நடந்தாள்.

வாஞ்சிநாதனுக்கு ஆலன் மறந்துபோனது.

"பிரீத்தி! திரும்பி வா! அது சரியப் போகுது!"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆரம்பிச்சாச்சா?" என்ற குரல் மட்டும் வந்தது.

"நிஜமாத்தான் சொல்றேன்! இந்த ஆளுக்குப் பனியும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. மூணு மணி நேரம் சேர்ல உட்காரவெச்சு எல்லாரையும் கொல்லக் கூட்டிட்டு வந்திருக்கான்!"

"வாஞ்சி சார்" என்றார் வெங்கடகிருஷ்ணன் பெருந்தன்மையாக, "நீங்க இப்படிப் பேசலைன்னாத்தான் எனக்குப் பயமா இருக்கும்."

கூட்டம் சிரித்தது. ஒருவர் கைதட்டினார். பிரீத்தி இன்னும் வேகமாக நடந்தாள். ஒவ்வோர் அடிக்கும் தொடைவரை போனது. அவள் தலைக்கு மேலே உச்சியில், நூல் பிடித்த மாதிரி நீலமாக ஒரு கோடு தெரிந்தது. வாஞ்சிநாதன் அதைப் பார்த்தார். காலையில் அந்தக் கோடு கிடையாது.

இத்தனை வருஷமாக உப்பில்லாத சாம்பாருக்கும், ஒலிபெருக்கி சரியில்லாத கச்சேரிக்கும், வளைந்து நிறுத்திய காருக்கும் அவர் ஒரே குரலைத்தான் செலவழித்திருந்தார். மலை சரியப் போகிறது என்பதற்கென்று வேறு குரல் மிச்சமில்லை. அதே குரல்தான் வந்தது. அந்தக் குரலுக்குப் பிரீத்தி என்றைக்கோ காதை மூடிவிட்டாள். இதெல்லாம் வாஞ்சிநாதனுக்கு ஒரு நொடியில் புரிந்தது. புரிந்த அதே நொடியில் பத்ரியின் தோளிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"அன்பார்ந்த உறுப்பினர்களே!"

மலை எதிரொலித்தது. பிடுங்கின பல்லை எச்சிலோடு துப்புகிறவர் மாதிரி வாஞ்சிநாதன் ஒவ்வொரு சொல்லாக வெளியே தள்ளினார்.

"நம்ம தலைவர்... வெங்கடகிருஷ்ணன் அவர்கள்... மாதிரி ஒரு தலைவரை... நான் பார்த்ததில்லை. அவருடைய அறிவு... பெரிய அறிவு. அவருடைய திட்டமிடல்..." இங்கே அவருக்கு இருமல் வந்தது. சமாளித்துக்கொண்டார். "அற்புதம். அவர் நமக்குக் கிடைச்சது... நம்ம பாக்கியம்."

 ஹாஜா, வாஞ்சிநாதனின் நெற்றியைத் தொட்டுப்பார்க்கக் கையை நீட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சரிவின் நடுவில் பிரீத்தி நின்றாள்.

திரும்பினாள். அத்தனை தூரத்திலிருந்தும் அவள் முகம் வெளுத்துப்போனது தெரிந்தது. கையிலிருந்த பேனரை அப்படியே விட்டாள். தான் போட்ட அதே குழிகளிலேயே கால் வைத்து, திரும்பி நடந்து வரத் தொடங்கினாள். 'கணவர் ஒருவரைப் பாராட்டுகிறார்' என்பது அவள் அகராதியில் ஒரே பொருளுள்ள செய்தி. ஊரே முழுகப் போகிறது.

வாஞ்சிநாதன் நிறுத்தவில்லை. மற்றவர்கள் இன்னும் சரிவின் விளிம்பில் கைகோத்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆகவே தலைவர் அவர்கள், இந்தப் பாறைமேல் ஏறி நின்று, நமக்காக ரெண்டு வார்த்தை பேச வேண்டும் என்று மன்றத்தின் சார்பாகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்!"

வெங்கடகிருஷ்ணனின் கண் கலங்கியது. எமகண்டம் மறந்தது. "இப்படித் திடீர்னு கூப்பிட்டா எப்படி, பிரிப்பேர் பண்ணல" என்றபடி பாறைமேல் ஏறி மைக்கை வாங்கினார். "ஹலோ, ஹலோ. பின்னாடி கேட்குதா?" என்றார். தலைவர் மைக்கைத் தொட்டதும், அத்தனை பேரும் பழக்கதோஷத்தில் சரிவை விட்டுப் பின்வாங்கி, மரத்தடியில் இடம்பிடித்து உட்கார்ந்துவிட்டார்கள். பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்த எந்த உத்தியாலும் ஒரு கூட்டத்தை இத்தனை சீக்கிரம் பத்திரமான இடத்துக்கு நகர்த்த முடியாது. புளியோதரை அண்டா மட்டும் வெளியே தனியாக நின்றது.

பிரீத்தி திட்டில் ஏறி வாஞ்சிநாதனின் கையைப் பிடித்தாள்.

"என்னங்க. நிஜமாவா?"

அவர் தலையை ஆட்டினார்.  பாராட்டிய வாய் இன்னும் கசந்துகொண்டிருந்தது.

வெங்கடகிருஷ்ணன் தமிழின் தொன்மையிலிருந்து தொடங்கினார். மலைக்கும் தமிழுக்கும் உள்ள உறவைத் தொட்டார். வராத சிறப்பு விருந்தினரை வரவேற்றார். வந்தவர்களைப் பெயர் சொல்லி வரவேற்றார். குளிர்காலத் தூக்கத்திலிருந்த ஒரு கரடி குகையிலிருந்து எழுந்து வந்து, பைன் மரத்தடியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் கேட்டது. கொட்டாவி விட்டது. மறுபடியும் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. அந்த வருஷம் அது ஜூலைவரைக்கும் எழுந்திருக்கவில்லை என்று கேள்வி.

சத்தத்தால் பனி சரியாது என்று அந்த மூக்குரிந்த டீச்சர் வகுப்பில் அடித்துச் சொல்லியிருந்தாள். அவள் வெங்கடகிருஷ்ணன் பேசிக் கேட்டதில்லை.

"இறுதியாக" என்றார் அவர். அதைக் கேட்டு யாரும் எழுந்திருக்கவில்லை. அது முதல் இறுதி என்று எல்லோருக்கும் தெரியும். மலைக்குத் தெரியாது. உச்சியிலிருந்த அந்த நீலக் கோடு வாயைத் திறந்தது. இடியும் இல்லை, மின்னலும் இல்லை. 'ஹ்ம்' என்று ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான். சரிவு முழுவதும் ஒரே வில்லையாகக் கல்லை விட்டுக் கிளம்பியது. பிரீத்தி நின்ற இடம், அவள் போட்ட குழிகள், அவள் விட்டுவந்த பேனர் எல்லாவற்றையும் வாரிச் சுருட்டிக்கொண்டு, சிமென்ட் கலவை லாரிகள் ஆயிரம் ஒன்றாகக் கவிழ்ந்த மாதிரி கீழே போனது. பாறையின் அந்தப் பக்கத்தையும் லேசாக நக்கிவிட்டுப் போனது. போனபோது அண்டாவையும் தலைவரையும் சேர்த்து எடுத்துக்கொண்டது.

அப்புறம் நிசப்தம்.

நிசப்தம் என்று சொல்லக்கூடாது. கீழே பனிக்குவியலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்துகொண்டிருந்தது.

"...இந்த நல்வாய்ப்பை வழங்கிய..."

ஸ்பீக்கர் பத்ரியின் தோளில் இருந்தது. மைக் வெங்கடகிருஷ்ணன் கையில், பனிக்கடியில் இருந்தது. பேட்டரி நல்ல பேட்டரி.

பதறி இறங்கினார்கள். நாலைந்து பேர் பீக்கன் உறைகளைப் பல்லால் கடித்தார்கள். ஒருவருக்குப் பல் ஆடியது; உறை ஆடவில்லை. வாஞ்சிநாதன் மேலே இன்னொரு கோடு இல்லை, விழ வேண்டியதெல்லாம் விழுந்துவிட்டது என்று பார்த்துக்கொண்டுதான் மண்வெட்டியோடு நிதானமாக வந்தார். பனிமேல் ஓர் அட்டை காற்றில் படபடத்தது. ஆரஞ்சுத் தொப்பியின் கடை அட்டை.

"அண்ணே, எங்க தோண்டணும்?" என்றார் ஹாஜா மூச்சிரைக்க.

"அட்டைக்குக் கீழ. ஆனா முதல்ல தோண்டணுமான்னு ஒரு பொதுக்குழு கூட்டிடலாமே."

"என்னங்க!" என்றாள் பிரீத்தி.

தோண்டினார். உண்மையைச் சொல்ல வேண்டும், வேகமாகவே தோண்டினார். முகம் வெளியே வந்ததும் வெங்கடகிருஷ்ணன் கண்ணைத் திறந்து, வாயிலிருந்த பனியைத் துப்பிவிட்டு, "...அனைவருக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன்" என்று முடித்தார். பழக்கதோஷத்தில் கைதட்டல் விழுந்தது. அடுத்தபடியாக அவர் கேட்ட கேள்வி, "அட்டை நனைஞ்சுடுச்சா?"

அண்டாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது பிளாஸ்டிக் வண்டியோடு பள்ளத்தாக்கில் இறங்கி, ஓடையில் மிதந்து, மாநில எல்லையைத் தாண்டி, நெவாடாவில் ஒரு காசினோ வாசலில் போய் நின்றது. கார் நிறுத்துகிற பையன் அதற்கும் டோக்கன் போட்டு வரிசையில் நிறுத்தியிருந்தான். பத்ரி போய் எடுத்துவந்தபோது புளியோதரை சூடு ஆறவில்லை. உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல் என்றார் வாஞ்சிநாதன்.

அடுத்த மாதக் கூட்டத்தில், பேரிடரின் நடுவிலும் பேச்சை நிறுத்தாத நெஞ்சுரத்துக்காக வெங்கடகிருஷ்ணனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஈர அட்டையோடு கூடிய ஆரஞ்சு உடுப்பைக் கடைக்காரன் மறுபேச்சில்லாமல் திருப்பி எடுத்துக்கொண்டதாகவும் அதே மேடையில் அவர் அறிவித்தார். வாஞ்சிநாதனின் பெயர் நன்றியுரையில், 'மற்றும் தோண்டி உதவியவர்கள்' என்ற வகையில் வந்தது.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று மாலை பிரீத்தி பத்ரியின் வண்டியைத் தாண்டி நடந்து வந்து, தங்கள் காரில் முன்சீட்டில் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டாள். கார் மலை இறங்கியது. 

"நீங்க அவரைத் திட்டிட்டே இருந்திருந்தா, நான் நடந்து போயிட்டே இருந்திருப்பேன்" என்றாள்.

"தெரியும்."

"அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்க மாட்டேன்."

"தெரியும்."

கொஞ்ச தூரம் போனது. வாஞ்சிநாதன் நேராகச் சாலையைப் பார்த்தபடி ஓட்டினார். பிரீத்தி ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தாள். அந்தப் பாராட்டு இன்னும் அவருக்குள்ளேயே தங்கியிருக்கிறதோ, இதற்கு மேலும் ஏதாவது ஆபத்து பாக்கியிருக்கிறதோ என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பயம்.

"அவர் பேச்சு எப்படி இருந்துது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பேச்சா அது? பனிக்கே பொறுக்கல. கரடி எழுந்து போயிடுச்சு. இந்த ஆளை வெச்சுக்கிட்டு ஒரு மன்றம், அதுக்கு ஒரு செயலாளர்..."

பிரீத்தி நிம்மதியாக மூச்சை விட்டாள். சீட்டைப் பின்னால் சாய்த்தாள். "தீக்ஷாகிட்ட நான் இப்ப வரலைன்னு சொல்லிடறேன்" என்றாள். சாக்ரமென்ட்டோ வருவதற்குள் தூங்கிப்போனாள். அவர் ஃப்ரீமான்ட்வரை விடாமல் பேசிக்கொண்டே ஓட்டினார்.

பிரோக்கன் ஆக்ஸில் கணவாய்க்குப் போகிற ஒரே சாலையை நவம்பரில் முதல் பனி விழுந்ததும் கேட் போட்டுப் பூட்டுவார்கள். மே மாதக் கடைசிவரை எந்த வருஷமும் திறந்ததில்லை. அந்த வருஷ ஏப்ரலிலும்தான்.